வியசனமும் விசனமும்

மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வாழும் தமிழர்கள் 'வியசன முக்தி' என்ற சொற்றொடரைச் சுவர்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் பார்த்திருப்பார்கள். குடி, புகையிலை, சூது போன்ற தீய பழக்கங்களிலிருந்து விடுபடுதல் என்பது அதன் பொருள். வியசனம் என்ற இந்த வடசொல் தமிழுக்கும் புதியதல்ல. ஆனால் தமிழர் வீடுகளில் புழங்கிப் புழங்கி அது 'விசனம்' என்று உருமாறியபோது பொருளிலும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஒருவர் விசனமாக இருக்கிறார் என்றால் அவர் துயரத்தில் இருக்கிறார் என்றே கொள்கிறோம். வடக்கே பழக்கத்தைக் குறிக்கும் சொல், தெற்கே அந்தப் பழக்கம் கொண்டுவந்து சேர்க்கும் துயரத்தைக் குறிக்கிறது.

இது தற்செயலான பொருள் மாற்றம் அன்று. வடமொழியிலேயே வியசனம் என்பதற்குத் தீய பழக்கம், பேரிடர் என்ற இரண்டு பொருள்களும் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் எட்டாம் அதிகரணம் முழுவதும் வியசனங்களைப் பற்றியது. அரசனின் சூதாட்டமும் குடியும் வேட்டைப் பித்தும் அங்கே ஆராயப்படுகின்றன. அதே அதிகரணத்தில் வெள்ளம், தீ, நோய், பஞ்சம் ஆகியவையும் ஆராயப்படுகின்றன. மனிதனை அவனது நன்மையிலிருந்து தூக்கி எறிவது எதுவோ அது வியசனம் என்பது கௌடில்யர் அச்சொல்லுக்குக் கொள்ளும் பொருள். வெள்ளம் தூக்கி எறிகிறது. பகடையும் தூக்கி எறிகிறது. ஒரே ஒரு வேறுபாடுதான்: வெள்ளத்தை யாரும் விரும்பி அழைப்பதில்லை.

தீய பழக்கமும் ஒழுக்கக்கேடும் தம் பலனைத் தாமே தரும் என்று சொல்லும்போது பலரது மனத்தில் எழுவது ஒரு நீதிமன்றத்தின் சித்திரம். தவறு ஓரிடத்தில் நிகழ்கிறது. தண்டனை வேறோரிடத்திலிருந்து, பின்னொரு நாளில் வந்து சேர்கிறது. இடையில் ஒரு நீதிபதி இருக்கிறார். இந்தச் சித்திரத்தோடு உலகைப் பார்ப்பவன் விரைவில் குழம்பிப் போகிறான். கையூட்டு வாங்கியவர் மாடிமேல் மாடி கட்டுகிறார். பொய்க்கணக்கு எழுதியவரின் இல்லத் திருமணம் ஊர் மெச்ச நடக்கிறது. நேர்மையாக வாழ்ந்தவர் மருந்துக்கு அலைகிறார். நீதிபதி உறங்குகிறாரா என்ற கேள்வி எழுகிறது. இந்தப் பிறவியில் தப்பினாலும் அடுத்த பிறவியில் தப்ப முடியாது என்பது இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை. சாஸ்திரம் ஏற்கும் விடைதான். ஆயினும் அவசரத்தில் சொல்லப்படும்போது அது தவறு செய்பவனுக்கு ஒரு வசதியாகவே முடிகிறது. அடுத்த பிறவி என்பது அவனுக்கு மிக நீண்ட தவணை.

சாஸ்திரங்களே வேறொரு விளக்கத்தையும் தருகின்றன. ஒவ்வொரு செயலும் இரண்டு வழிகளில் பலிக்கிறது. ஒன்று புறத்தே கிடைக்கும் பலன். மற்றொன்று செய்தவனின் சித்தத்தில் பதியும் சம்ஸ்காரம். புறப்பலன் தாமதமாகலாம், பணத்தாலும் செல்வாக்காலும் சில காலம் அதைத் தள்ளிப்போடவும் முடியும். சம்ஸ்காரத்திற்குத் தாமதம் என்பதே இல்லை. செயல் முடியும் கணத்திலேயே அது பதிந்துவிடுகிறது. முதல் பொய்யைச் சொல்ல நாக்குழறியவனுக்கு இரண்டாவது பொய் எளிதாகிறது. பத்தாவது பொய்யைச் சொன்னதே அவனுக்கு நினைவிருப்பதில்லை. அந்த எளிமைதான் அவன் பெற்ற முதல் தண்டனை. அவனோ அதைத் திறமை என்று எண்ணிக்கொள்கிறான்.

மன அலைகள் சம்ஸ்காரத்தை உண்டாக்குகின்றன, சம்ஸ்காரம் மீண்டும் அதே அலைகளை எழுப்புகிறது, இப்படி ஒரு சக்கரம் இரவும் பகலும் சுழன்றுகொண்டே இருக்கிறது என்று பதஞ்சலியின் யோக சூத்திரங்களுக்கு எழுந்த வியாச பாஷ்யம் விளக்குகிறது. இந்தச் சக்கரத்தைச் சுழற்ற வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. பழக்கம் தன்னைத் தானே உண்டு தன்னைத் தானே வளர்க்கிறது.

இது கண்கூடாகத் தெரியும் இடம் சூதாட்டம். மற்ற தீய பழக்கங்களில் உடலுக்குள் செல்லும் பொருள் ஒன்று உண்டு. மது என்றும் புகையிலை என்றும் அதன்மீது பழி போடலாம். சூதில் உடலுக்குள் எதுவும் செல்வதில்லை. மனமும் சில காய்களும் மட்டுமே. ஆகவே மனம் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் விதத்தை அங்கே கலப்பின்றிக் காணலாம்.

ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் முப்பத்துநான்காம் சூக்தம் ஒரு சூதாடியின் புலம்பல். யாகங்களையும் தேவர்களையும் போற்றும் ஒரு பெரும் நூலில் இத்தகைய ஒரு பாடலுக்கும் நம் முன்னோர் இடம் கொடுத்தார்கள் என்பதே வியப்பு. அதில் வரும் பகடைகள் தான்றி மரத்தின் கொட்டைகள். திரிபலா சூரணத்தில் கடுக்காய், நெல்லிக்காயோடு சேரும் அதே தான்றி! மருந்தாகும் ஒரு காய் மனிதனின் கையில் நோயாகியிருக்கிறது. அந்தச் சூதாடியின் மனைவி கெட்டவள் அல்லள். அவனோடு ஒருபோதும் சச்சரவு செய்ததில்லை. அவளை அவனே விலக்கிவிட்டான். மாமியார் வெறுக்கிறாள். கடன் தர ஆளில்லை. உடன்பிறந்தவர்களே அவனை அறியோம் என்று கைவிடுகிறார்கள். பிறருடைய ஒழுங்கான இல்லங்களைக் கண்டு அவன் ஏங்குகிறான். இனி ஆடுவதில்லை என்று உறுதியும் எடுக்கிறான். ஆனால் பலகையில் காய்கள் உருளும் ஓசை கேட்டதும் கால்கள் தாமாக அங்கே செல்கின்றன.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவனை எந்த நீதிபதியும் தண்டிக்கவில்லை. எந்தத் தெய்வமும் சபிக்கவில்லை. இறுதியில் குரல் கொடுக்கும் சவிதா தேவன்கூட, வயலை உழுது கிடைப்பதில் மகிழ்ந்திரு என்று நல்வழிதான் காட்டுகிறான். அழிவு முழுவதும் ஆட்டத்தின் உள்ளேயே இருந்தது. அறியாமையாலும் அவன் அழியவில்லை. சூதின் தீமையை அவனைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. அறிவு இருந்தது. அறிந்தபடி நிற்கும் ஆற்றல்தான் போயிற்று.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, சூதாட்டக் கோளாறை அடிமைப்படுத்தும் பழக்கங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, வாழ்வின் மற்ற அனைத்துக்கும் மேலாக ஆட்டத்திற்கு இடம் தருதல், தீய விளைவுகளைக் கண்ட பின்னும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். ரிக்வேதச் சூதாடியிடம் மூன்றுமே இருந்தன. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைக்கும் பரிசு, தவறாமல் கிடைக்கும் பரிசைவிட ஒரு பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் புறாக்களையும் எலிகளையும் கொண்டு செய்த ஆய்வுகளில் காட்டினார். இடையிடையே கிடைக்கும் வெற்றிதான் சூதாடியைக் கட்டிவைக்கிறது. திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி, அதில் கிடைக்கும் வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டில் முள்ளாகக் கண்டார்.

இன்று தான்றிக் கொட்டைகள் போய், சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்குள் பகடை வந்துவிட்டது. ஆடுமிடத்தைத் தேடிச் செல்ல வேண்டிய நடைதூரமும் இல்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சமும் இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றியது. சூதைப் பற்றி அரசுகளுக்கு எப்போதுமே இரண்டு மனம் உண்டு. கௌடில்யர் சூதாடுமிடங்களுக்கு ஓர் அதிகாரியை நியமித்து, வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்தை அரசுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கேரள அரசு 1967-இல் தொடங்கிய லாட்டரி இன்னும் தொடர்கிறது; தமிழக அரசு தானும் ஒரு காலத்தில் நடத்திய லாட்டரியை 2003-இல் தடை செய்தது. சட்டம் வாசலை அடைப்பது நல்லதே. பலவீனமானவனுக்கு அடைத்த வாசல் ஒரு கருணை. ஆனால் வாசலுக்கு இப்பால், விட்டதைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டபடி அமர்ந்திருக்கும் மனத்தைச் சட்டம் தொடுவதில்லை.

அந்தக் கணக்கு தருமத்தின் திருவுருவமான ஒருவரையும் விட்டுவைக்கவில்லை என்பதை மகாபாரதம் மறைக்காமல் சொல்கிறது. அஸ்தினாபுரத்திற்கு அழைக்க வந்த விதுரரிடம், சூது கலகத்தையே விளைவிக்கும் என்று யுதிஷ்டிரர் தாமே கூறுகிறார். ஆயினும் அறைகூவி அழைத்தால் மறுப்பதில்லை என்பது தமது விரதம் என்று புறப்படுகிறார். காரணம் தருமத்தின் ஆடையை அணிந்திருக்கிறது. பின்னர் வனத்தில், பீமன் கடுமையாகக் குற்றம் சாட்டியபோதுதான் அந்த ஆடை விலகுகிறது. திருதராஷ்டிரன் மகனின் நாட்டைக் கவரும் எண்ணத்தோடுதான் காய்களைக் கையில் எடுத்ததாக யுதிஷ்டிரர் ஒப்புக்கொள்கிறார். சகுனி விரும்பியபடியே காய்கள் விழுவதைக் கண்டபோது தாம் நிறுத்தியிருக்கலாம் என்றும், ஆனால் சினம் பொறுமையை ஓட்டிவிட்டது என்றும் சொல்கிறார். வியாசரின் நேர்மை இத்தகையது. சகுனியின் வஞ்சகம் உண்மை. அந்த வஞ்சகத்திற்கு உள்ளே நுழைய ஒரு கதவு தேவைப்பட்டது என்பதும் உண்மை. மற்ற எல்லா நற்குணங்களும் சேர்ந்தும் அந்த ஒரு கதவை அடைக்க முடியவில்லை.

செல்வம், நாடு, தம்பியர், இறுதியில் தாம் என்று அனைத்தையும் இழந்த பின் சகுனியின் தூண்டுதலால் அவர் திரௌபதியைப் பணயம் வைக்கிறார். அவளை அழைத்துவரச் சென்ற ஏவலனிடம் அவள் கேட்டனுப்பிய கேள்வி ஒன்றுதான்: அரசர் முதலில் தோற்றது தம்மையா, தன்னையா? சபையோர் அதை உரிமை பற்றிய வழக்காகவே எடுத்துக்கொண்டார்கள். தன்னை இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்பதற்குப் பீஷ்மராலும் விடை கூற இயலவில்லை. தருமம் நுட்பமானது என்றதோடு நின்றார். துரியோதனனின் தம்பி விகர்ணன் ஒருவன் மட்டும் எழுந்து, வேட்டை, குடி, சூது, காமம் என்னும் நான்கு வியசனங்களில் மூழ்கியவன் செய்ததைச் செயலாகவே கொள்ளலாகாது என்று வாதிட்டான்.

அந்தக் கேள்விக்குள் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. எந்தத் தீய பழக்கத்திலும் மனிதன் முதலில் தோற்பது தன்னைத்தான். பொருள், மானம், உடல்நலம், உறவு ஆகியவை பின்னால்தான் போகின்றன. அவை போகும்போதே ஊருக்குத் தெரிகிறது. தான் போனது அதற்கு வெகுமுன்பே, சத்தமின்றி நடந்துவிடுகிறது. தன்னை இழந்தவன் மற்றவற்றை இழப்பதில் தயக்கமே காட்டுவதில்லை, ஏனெனில் தயங்க வேண்டியவன் அங்கே இல்லை. திரௌபதியின் கேள்வி வந்தபோது யுதிஷ்டிரர் உயிரற்றவர்போல் விடையின்றி இருந்தார் என்று வியாசர் எழுதுகிறார்.

சரி, வென்றவர்கள்? அந்தச் சபையில் தண்டனை பெறாமல் தப்பியவர்கள் அவர்களே அல்லவா? கண்ணிழந்த திருதராஷ்டிரன், வென்றாயிற்றா, வென்றாயிற்றா என்று ஆவலோடு கேட்டுக்கொண்டே இருந்தான். மகிழ்ச்சியை மறைக்கவும் அவனால் முடியவில்லை. குலத்தின் மூத்தவன், மன்னன், நியாயம் தெரிந்தவன். விதுரர் எச்சரித்தபோது அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மகன்மீது கொண்ட பற்றுக்கு ஒவ்வொரு முறையும் வளைந்துகொடுத்த பழக்கம், வளைவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவனாக அவனை ஆக்கிவிட்டது. குருக்ஷேத்திரம் வரப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விளைவு அன்றே அந்த ஆசனத்தில் வந்து அமர்ந்துவிட்டது.

இங்கே ஒரு கடினமான இடம் குறுக்கிடுகிறது. சூதாடியவர் யுதிஷ்டிரர், சபையில் இழுத்துவரப்பட்டவள் திரௌபதி. குடிப்பவன் ஒருவன், பசியோடு உறங்குபவை அவன் குழந்தைகள். தீமை தன் பலனைச் செய்தவனிடமே சேர்க்கும் என்றால், செய்யாதவர் ஏன் நோக வேண்டும்? இதற்கு விடையாக அவர்களுடைய பழவினை என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் வழக்கம் ஆன்மிகம் பேசுவோரிடம் உண்டு. இது கர்மக் கொள்கையைத் தலைகீழாகப் பிடிப்பது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் கல்கத்தாவில் இருந்தபோது, பசுப் பாதுகாப்புச் சபையின் பிரசாரகர் ஒருவர் அவரைக் காண வந்தார். மத்திய இந்தியாவில் பஞ்சத்தால் மக்கள் மடிந்துகொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்கு உங்கள் சபை என்ன செய்தது என்று சுவாமிஜி கேட்க, பஞ்சம் அவரவர் கர்மத்தின் பலன் என்றார் வந்தவர். சுவாமிஜி சினத்தால் சிவந்தார். அப்படியானால் பசுக்களும் தம் கர்மத்தால்தானே கொலைக்களம் செல்கின்றன, அவற்றுக்காக எதற்கு ஒரு சபை என்ற பொருளில் அவர் திருப்பிக் கேட்டதைச் சீடர் சரத் சந்திர சக்கரவர்த்தி பதிவு செய்திருக்கிறார். கர்மக் கொள்கை ஒருவன் தன் முகத்தைப் பார்க்க வைத்துக்கொள்ளும் கண்ணாடி. அடிபட்டவள் முகத்துக்கு நேரே அதைப் பிடிப்பது, அடித்தவனோடு சேர்ந்துகொள்வதாகும்.

உண்மையில் தீய பழக்கத்தின் மிகக் கொடிய விளைவே இதுதான்: தன்னுடைய துயரத்தைத் தன்னோடு நிறுத்திக்கொள்ள முடியாதவனாக மனிதன் ஆகிவிடுகிறான். அவனிடமிருந்து அது வழிந்து, அவனைச் சார்ந்தவர்கள்மீதுதான் முதலில் விழுகிறது.

இந்தச் சக்கரத்தை நிறுத்த முடியுமா? சம்ஸ்காரங்களே எல்லாம் என்றால் விடுதலைக்கு இடமேது? பழக்கத்தால் ஆனதைப் பழக்கத்தால் மாற்றலாம் என்பது யோக மரபின் விடை. தீய எண்ணத்திற்கு எதிரான எண்ணத்தை விடாமல் வளர்க்கச் சொல்கிறார் பதஞ்சலி. விவேகானந்தரின் ராஜயோகமும் இதையே வலியுறுத்துகிறது. எளிய விடைதான், ஆனால் கையும் காலும் தம் வசத்தில் இருப்பவனுக்கே எளியது. அதுவும் இல்லாதவனுக்கு?

வங்க நாடக மேடையின் தலைமகனான கிரீஷ் சந்திர கோஷ் (1844–1912) அப்படித்தான் தக்ஷிணேசுவரம் வந்தார். குடியும் கட்டற்ற வாழ்வும் அவர் மறைத்துக்கொள்ளாதவை. காலையும் மாலையும் இறைவனை நினைக்குமாறு ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்னபோது, தம்மால் வாக்களிக்க முடியாது என்று கிரீஷ் மௌனமாக இருந்தார். உண்ணும்போதும் உறங்கும்போதுமாவது? அதற்கும் அதே மௌனம். தம் நிலையை இவ்வளவு நேர்மையாக அறிந்திருந்ததே அவருடைய மூலதனம் எனலாம். அப்படியானால் 'பகல்மா', அதாவது வக்காலத்து, எழுதிக் கொடுத்துவிடு என்றார் குருதேவர். சுமை இறங்கியது என்று கிரீஷ் மகிழ்ந்தார். பின்னொரு நாள் ஏதோ ஒன்றைத் தாம் செய்யப்போவதாக அவர் சொன்னபோது, வக்காலத்து கொடுத்தவன் 'நான் செய்வேன்' என்று சொல்லலாமா என்று குருதேவர் திருத்தினார். அன்றுமுதல் ஒவ்வோர் அடியையும் ஒவ்வொரு மூச்சையும், இது இறைவன் விருப்பமா, தன் அகங்காரமா என்று பார்க்க வேண்டியதாயிற்று. ஜபத்திற்கும் தவத்திற்கும் ஒரு முடிவு உண்டு, இதற்கு முடிவே இல்லை என்று பிற்காலத்தில் அவர் கூறினார். குடியை விடு என்று யாரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. இழந்துபோன 'தான்' திரும்பிவந்தபோது, குடிக்கு இடமில்லாமல் போயிற்று.

யுதிஷ்டிரருக்கும் அது ஒரு நாளில் நடக்கவில்லை. திரௌபதி பெற்ற வரங்களால் விடுதலை கிடைத்து, இழந்தவற்றையும் திரும்பப் பெற்று, இந்திரப்பிரஸ்தத்திற்குத் திரும்பும் வழியிலேயே மீண்டும் அழைப்பு வந்தபோது, அழிவு என்று தெரிந்தே திரும்பிச் சென்று ஆடினார். பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் வனவாசம். அங்கே பிருகதசுவ முனிவர் அவருக்கு நளனின் கதையைச் சொல்லி, பகடையின் மறைபொருளையும் கற்பித்தார். பதின்மூன்றாம் ஆண்டில், எதனால் அழிந்தாரோ அதையே தொழிலாகக் கொண்டு, கங்கன் என்ற பெயரில் விராட மன்னனின் சூதுத் துணைவராகப் பணிபுரிந்தார். வேறு எத்தனையோ வேடங்கள் இருந்தும் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த ஆண்டின் இறுதியில், தன் மகன் உத்தரன் கௌரவர்களை வென்றான் என்ற செய்தி வந்த களிப்பில் விராடன் பகடையைக் கொண்டுவரச் சொன்னான். சூதின் தீமையைக் கங்கன் எடுத்துரைத்தார். யுதிஷ்டிரன் என்றொருவன் நாட்டையும் தம்பியரையும் இதனால் இழந்ததைக் கேட்டதில்லையா என்று, தம் கதையையே பிறர் கதைபோல் சொன்னார். மன்னன் கேட்கவில்லை, ஆட்டம் தொடங்கியது. வெற்றிக்குக் காரணம் பிருகன்னளையே என்று கங்கன் மீண்டும் மீண்டும் கூறவே, சினம் கொண்ட விராடன் கையிலிருந்த பகடையை அவர் முகத்தில் வீசினான். மூக்கிலிருந்து குருதி வழிந்தது. குற்றமற்ற தம் குருதி மண்ணில் விழுந்தால் அந்த நாட்டுக்கும் மன்னனுக்கும் அழிவு வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். அது விழுமுன் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, அருகில் சைரந்திரியாக நின்ற திரௌபதியைப் பார்த்தார். அவள் குறிப்பறிந்து, நீர் நிறைந்த ஒரு பொற்கலத்தைக் கொண்டுவந்து அதைத் தாங்கிக்கொண்டாள். பின்னர் உண்மையறிந்த மகன் சொல்ல, விராடன் மன்னிப்புக் கேட்டான். அதற்கு முன்பே மன்னித்துவிட்டதாகக் கங்கன் கூறினார்.